மந்திரியான மால்டாக் கவிஞர்

ஈழத்தமிழர் கடைகள் நிறைந்த லா ஷப்பல் தெருவில், ஒரு தேநீர்க்கடையில் மால்டாக் கவிஞர் ஒருவரின் வாழ்க்கை வரலாற்றைப் படிக்கிறேன். அவர் இப்போது மந்திரி. கடைக்காரர் அட்டைப் படத்தையும் என்னையும் மாறிமாறிப் பார்க்கிறார்.

"நீங்கள் இந்த மந்திரியின்ரை ஆளோ?"

"இல்லைங்க. கவிதைகளை மொழிபெயர்க்கிறேன். நாளைக்கு மால்டாவுல அவரைப் பார்க்கப் போறேன்."

நம்பாமல் எதிரே அமர்கிறார். அகதியாகப் படகில் வந்து, மால்டா தடுப்பு முகாமில் மாதக்கணக்கில் அடைபட்டிருந்தவராம்.

"இவர் கடலைப் பற்றி எழுதினவரோ?"

கரை சேராத ஒருவனை ஊரே விளக்கேந்தித் தேடும் கவிதையை மெல்லத் தமிழில் சொல்கிறேன். அவர் அசையாமல் கேட்கிறார்.

"மந்திரியான பிறகு?"

புரட்டுகிறேன். பதவியேற்பு, விருந்து, கைகுலுக்கல்.

"எழுதலைங்க."

"ஓம். அங்கை கண்டால் கேளுங்கோ, அந்த விளக்கைப் பிடிச்ச மனுசன் எங்கை எண்டு."

தேநீர் ஆறிவிட்டது. நாளை மந்திரியின் அந்தக் கையைக் குலுக்க வேண்டும்.