கவிழ்ந்த மங்குகளின் தாளம்

அந்தப் படத்தை நாங்கள் வாங்கவில்லை. எண்பதுகளின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத் தமிழரான என் கணவர் மலேசியாவில் கோலசிலாங்கூர் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றுக்குக் கணக்கெழுதும் கிராணியாக மாற்றலாகி வந்தபோது, எங்களுக்குக் கொடுத்த பலகை வீட்டுக் கூடத்தில் அது ஏற்கெனவே தொங்கிக்கொண்டிருந்தது. முன்பு குடியிருந்தவர்கள் விட்டுப்போனது. ஒட்டுப்பலகையில் எண்ணெய்ச் சாயத்தால் வரைந்த ரப்பர் மரங்கள். மூன்று நிரை, ஒன்றின்மேல் ஒன்றாக. கிட்டத்து மரமும் தூரத்து மரமும் ஒரே பருமன். வரைந்தவர் பெயர் இல்லை. கழற்றிவிடலாமா என்று யோசித்தேன். கழற்றினால் சுவரில் வெளுத்த சதுரம் தெரியும். விட்டுவிட்டேன்.

அப்போது என் மகளுக்கு ஒன்றரை வயது. கூப்பிட்டால் திரும்பமாட்டாள். சில நேரம் திரும்புவாள். கூப்பிட்டதற்காகத் திரும்பினாளா, தானாகவா என்று சொல்ல முடியாது. ஆஸ்பத்திரியில் டாக்டர் அவள் தலைக்குப் பின்னால் மணியை ஆட்டிப் பார்த்தார். ஒரு தடவை திரும்பினாள். அடுத்த தடவை தன் கால்விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தீபாவளி கழித்துக் கொண்டுவாருங்கள், அப்போதும் சந்தேகம் இருந்தால் கோலாலம்பூருக்கு அனுப்புகிறேன் என்றார்.

அதுவரை சும்மா இருக்க என்னால் முடியவில்லை. சட்டி மூடியை அவளுக்குப் பின்னால் கீழே போட்டேன். உடனே திரும்பினாள். அந்தச் சந்தோஷம் அரை நாள்கூட நிற்கவில்லை. எங்கள் வீட்டுத் தரை பலகை. மூடி விழுந்த அதிர்வு காதுக்கு அல்ல, காலுக்குத் தெரிந்திருக்கலாம். பக்கத்து வீட்டில் இருந்த, தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரசரின் மனைவி, "சும்மா விடுங்க லா, எங்க வீட்டுப் பையனும் லேட்டாத்தான் பேசுனான்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் பையன் கூப்பிட்டால் திரும்பினானா என்று கேட்க எனக்குப் பயம்.

மகள் பகலில் தோளில் போட்டு ஆட்டினால்தான் தூங்குவாள். நான் நின்று ஆட்டும் இடத்திலிருந்து பார்ப்பதற்கு அந்தப் படத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. அப்படிப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம்தான் மங்குகள் கண்ணில் பட்டன. மரத்தில் பால் வடிந்து விழுவதற்கு வைக்கும் மங்கு, சில மரங்களில் நிமிர்ந்திருந்தது, சிலவற்றில் கவிழ்ந்திருந்தது. வெட்டாமல் ஓய்வுக்கு விட்ட மரத்தில், மழைத்தண்ணீர் நிறையாதபடி மங்கைக் கவிழ்த்துவைப்பது வழக்கம்தான். ஆனால் ஒரே நிரையில் இப்படி அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கவிழ்த்து நான் பார்த்ததில்லை. மூன்று நிமிர்ந்தவை, ஒன்று கவிழ்ந்தது, இரண்டு நிமிர்ந்தவை, மறுபடி ஒன்று கவிழ்ந்தது. என் கை குழந்தையின் முதுகில் தானாகவே தட்டத் தொடங்கியது. நாலும் மூன்றும், ஏழு எண்ணிக்கை.

படிக்கிற காலத்தில் வாய்ப்பாட்டு கற்றுக்கொண்டவள் நான். சொல்லிக்கொடுத்ததைச் சுத்தமாகப் பாடுவேன். சொந்தமாக ஒரு வரிகூட மெட்டுப் போட்டதில்லை. போடலாம் என்று நினைத்ததும் இல்லை. ஆனால் அந்தப் படம் எப்படி ஒலிக்கும் என்று தெரிந்துகொள்ளும் ஆசை என்னை விடவில்லை. நிமிர்ந்த மங்குக்கு ஒரு ஸ்வரம், கவிழ்ந்த மங்குக்கு மௌனம் என்று வைத்துக்கொண்டேன். ராகம் மோகனம். ஐந்தே ஸ்வரங்கள், தப்புச் செய்ய இடம் குறைவு என்று எண்ணினேன்.

முதல் நிரை அழகாக வந்தது. இரண்டாவது நிரைக்குப் போனதும் எல்லாம் குலைந்தது. முதல் நிரையின் கடைசி மூன்றும் அடுத்ததன் முதல் இரண்டுமாக ஐந்து நிமிர்ந்த மங்குகள் ஒட்டிக்கொண்டன, தாளம் நொண்டியது. சில நாள் மல்லுக்கட்டினேன். சமையலுக்கு நடுவிலும் பாடிப் பார்த்தேன். வேலி ஓரம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த டிரசர் மனைவி, "என்னாங்க, பாதி பாதியில நிப்பாட்டுறீங்க? பாட்டு மறந்துருச்சா?" என்று கேட்டார். எனக்கு வெட்கமாகிவிட்டது. யாரோ பொழுதுபோகாமல் தீட்டிய மரங்களில், பிள்ளையைக் கவனிக்காமல் நானாகத் தாளம் தேடிக்கொண்டிருக்கிறேனோ?

அன்று மத்தியானம் சாப்பிட வந்த கணவரிடம், இந்த மங்குகளில் தாளம் இருக்கிறதா என்று கேட்டேன், சிரிப்பார் என்று தெரிந்தே. அவர் கை கழுவிக்கொண்டு வந்து, துவாயுடன் படத்தின் முன் நின்றார். நான் விரலை வைத்து இடமிருந்து வலமாக வாசித்துக் காட்டினேன். முதல் நிரை முடிந்ததும் மறுபடி இடப்பக்கம் போனேன்.

"நில்லும்," என்றார். "பால் வெட்டுக்காரர் ஒரு நிரை முடிச்சுப்போட்டு, வெறுங்கையோட திரும்ப முதல் மரத்தடிக்கு நடந்து வருவினமோ? போன கையோட அடுத்த நிரையால திரும்பி வெட்டிக்கொண்டு வருவினம். நீர் பள்ளிக்கூடப் புத்தகம் வாசிக்கிற மாதிரியெல்லோ வாசிக்கிறீர்."

அவர் வேலைக்குத் திரும்பிய பிறகு, இரண்டாவது நிரையை வலமிருந்து இடமாகப் பாடினேன். முதல் மரமே கவிழ்ந்த மங்கு. தாளம் விட்ட இடத்தில் பிடித்துக்கொண்டது. மூன்றாவது நிரை மறுபடி இடமிருந்து வலம். ஓரிடத்திலும் இடறவில்லை. மரம் மரமாக நடந்து பழகிய யாரோதான் அதை வரைந்திருக்க வேண்டும். யார் என்று பிறகு பலரிடம் விசாரித்தும் தெரியவில்லை.

படத்தைப் பார்த்தபடி திரும்பத் திரும்பப் பாடினேன். மகள் எனக்குப் பின்னால் பாயில் இருந்தாள், பால்மாவு டின்னும் ஒரு கரண்டியும் வைத்துக்கொண்டு. எப்போதோ டின் சத்தம் கேட்கத் தொடங்கியது. குழந்தை விளையாடுகிறாள் என்று நான் பாடிக்கொண்டே போனேன். பிறகுதான் உறைத்தது. நான் பாடும்போது சத்தம் இல்லை. கவிழ்ந்த மங்கு வரும் இடத்தில் மட்டும் டின்னில் ஒரு அடி.

திரும்பிப் பார்க்கப் பயந்தேன். அடுத்த மௌனம் வரவேண்டிய இடத்தில் நிறுத்தாமல் ஸ்வரத்தை இழுத்தேன். அடி விழவில்லை. பின்னாலிருந்து, சோற்றுக்கிண்ணத்தைப் பறித்தால் போடுவாளே, அந்தச் சிணுங்கல் வந்தது. மறுபடி ஒழுங்காகப் பாடினேன். நிறுத்தினேன். டின் ஒலித்தது.

என் தோள் அசைவதைப் பார்த்து அடிக்கிறாளோ? அந்த எண்ணமும் வந்தது, வராமல் இருக்குமா. சமையலறைக்குள் போய், சுவருக்கு அந்தப் பக்கம், அவள் கண்ணுக்குப் படாமல் அசையாமல் நின்றுகொண்டு மெதுவாகப் பாடினேன். சுருதி எங்கோ போனது. நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தினேன்.

கூடத்தில் டின் ஒலித்தது.

சாயங்காலம் கணவர் வாசலுக்கு வந்ததும், செருப்பைக்கூடக் கழற்றவிடாமல், பேசவேண்டாம் என்று கையைக் காட்டிச் சமையலறைக்கு அழைத்துப்போனேன். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான் முதல் நிரையைப் பாடினேன், இரண்டாவதற்குத் திரும்பினேன். கூடத்திலிருந்து, கவிழ்ந்த ஒவ்வொரு மங்குக்கும் பதில் வந்தது. அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இன்னொருக்கால் பாடும்," என்றார்.