முன்னாள் மாணவர்களும் ஓர் இந்நாள் மாணவரும்

முன்னாள் மாணவர் சங்கச் செயலாளர் வேலையில் சம்பளம் கிடையாது, லீவு கிடையாது, ராஜினாமா கொடுத்தால் வாங்கிக்கொள்ள ஆளும் கிடையாது. ஏதோ ஓர் ஊரில் இதே நாற்காலியில் மாட்டிக்கொண்டு, "ஞாயித்துக்கிழமை வருவீங்க இல்ல?" என்று நாற்பது பேருக்கு போன் போட்டுக்கொண்டிருக்கும் சக ஜீவன்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். எங்கள் பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. எங்களுக்கெல்லாம் பட்டம் கொடுத்த அவப்பெயரே அதற்குப் போதும்.

தேர்தல் நடந்த விதம்

திருத்தணியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் நான். தோழி மகள் கல்யாணத்துக்குப் போயிருந்தேன். பந்தி முடிந்ததும் முனிரத்தினம் சார் எழுந்தார். ரிட்டையர்டு அதிகாரி. மைக் எங்கே இருந்தாலும் அவர் கை தானாக அங்கே போய்விடும். நம் பல்கலைக்கழகத்தில் படித்தவர்கள் இந்த மண்டபத்திலேயே இத்தனை பேர் இருக்கும்போது திருத்தணிக்கு ஒரு கிளை வேண்டாமா என்று கேட்டார். அவரே தலைவர் என்பதும் அதே மூச்சில் முடிவாகிவிட்டது.

நான் கை கழுவிவிட்டுத் திரும்பினேன். எல்லோரும் என்னைப் பார்த்துக் கை தட்டினார்கள். செயலாளராம். ஏகமனதாம். "என்னை ஒரு வார்த்தை கேக்கவே இல்லையே?" என்று பக்கத்தில் இருந்த ரஃபி பாயிடம் கேட்டேன். அரக்கோணம் ரோட்டில் டூவீலர் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் பி.காம். பட்டதாரி அவர். வெற்றிலையை மடித்துக்கொண்டே நிதானமாகச் சொன்னார்: "வராதவங்கள எலெக்ட் பண்ணாதான் தப்பு டீச்சர். நீங்க மண்டபத்துலதான இருந்தீங்க, கைதான கழுவிகினு இருந்தீங்க?"

குட் மார்னிங் தடை

சங்கம் என்றால் வாட்ஸப் குழு. வாட்ஸப் குழு என்றால் காலை ஐந்து மணிக்கு ரோஜாப்பூ, ஐந்தே காலுக்கு வேலும் மயிலும், ஐந்தரைக்கு ஆவி பறக்கும் காபி. ஒரு வாரம் பொறுத்தேன். எட்டாம் நாள், நிர்வாகிகள் மட்டுமே எழுதலாம் என்று குழுவைப் பூட்டினேன். இரண்டு நாள் சொர்க்கம்.

மூன்றாம் நாள் காலையில் வாசலில் ரங்கநாதன் சார் நிற்கிறார். எழுபது வயசு, ஆர்.கே.பேட்டையில் தனியாக இருக்கிறார், மகன் வெளிநாட்டில். டவுன் பஸ் பிடித்து வந்திருக்கிறார். பதறிப்போய் என்ன விஷயம் என்றேன். "குட் மார்னிங்மா" என்றார். நான் முழித்தேன். ரோஜாப்பூ அனுப்புகிறவர் அவர்தான் என்பது அப்போதுதான் உறைத்தது. உள்ளே கூப்பிட்டு காபி கொடுத்தேன், அவர் எதிரிலேயே குழுவைத் திறந்தேன். கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "காலைல எழுந்துட்டேன்னு யார்கிட்டயாவது சொல்லணும் இல்லம்மா?"

கிருத்திகையில் கூட்டம்

முதல் சந்திப்பை ஆடிக் கிருத்திகை அன்று மலையடிவாரத்தில் வைக்கலாம் என்றார் தலைவர். "எப்படியும் எல்லாரும் மலைக்கு வருவாங்க" என்பது அவர் வாதம். வந்தார்கள். கூடவே சுற்றுவட்டாரமே காவடியோடு வந்தது. எங்கள் ஆட்களை எங்கே தேடுவது? பேனரை விரித்து ஒரு முனையை ரஃபி பாயும் மறுமுனையை தனசேகரும் பிடித்துக்கொண்டு நின்றார்கள். தனசேகர் அம்மையார்குப்பத்தில் பவர்லூம் போட்டிருப்பவர். சங்கத்தில் கூப்பிட்ட குரலுக்கு ஓடிவரும் ஒரே ஆள்.

பேனருக்குப் பின்னால் பத்தே நிமிஷத்தில் வரிசை சேர்ந்துவிட்டது. எனக்கு ஒரே பெருமை. கையில் நோட்டோடு பெயர், படித்த வருடம் எல்லாம் கேட்டுக்கொண்டே போனேன். பாதிப் பேர் ஒழுங்காகப் பெயரும் சொன்னார்கள். எட்டாவதாக, நகரிப் பக்கத்திலிருந்து வந்த, புதிதாக மொட்டை போட்டிருந்த ஒரு பெரியவர் மட்டும் நோட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்: "பேரெல்லாம் அப்புறம் எழுதிக்கலாம்மா, புளியோதரை எப்போ வரும்?"

அம்மையார்குப்பத்தில் கரண்ட் கட்

அடையாள அட்டை போடப்போகிறோம், எல்லோரும் பட்டச் சான்றிதழ் நகல் தரவேண்டும், பட்டம் இல்லாதவர் உறுப்பினர் இல்லை என்று தலைவர் குழுவில் அறிவித்தார். மறுநாள் தனசேகர் குழுவை விட்டு வெளியேறினார். போன் எடுக்கவில்லை. ஒரு வாரம் பார்த்துவிட்டு ரஃபி பாய், அவர் மனைவி, நான் மூவரும் தனசேகர் வீட்டுக்கே போனோம்.

தறி ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் பேசுவதென்றால் கத்தத்தான் வேண்டும். "ஏன் தனசேகர் வெளிய போயிட்டீங்க?" என்று கத்தினேன். அவர் தரையைப் பார்த்தார். "நைனாகிட்ட பாஸ்னு சொல்லிட்டேன் டீச்சர்! அவரு ஊரெல்லாம் சொல்லிட்டாரு! கல்யாணப் பத்திரிகையிலயும் பி.காம்.னு அடிச்சுட்டாங்க! அப்புறம் எங்கேர்ந்து வாய தொறக்கறது?" அந்த நேரம் பார்த்து கரண்ட் போனது. தறி நின்றது. தெரு முழுக்கக் கேட்டது அவர் குரல்: "ரெண்டு பேப்பர் அரியர்!"

அவர் முகம் வெளுத்துவிட்டது. இருபத்தைந்து வருடம் கட்டிக்காத்தது ஒரு கரண்ட் கட்டில் போய்விட்டது. சமையலறையிலிருந்து தனசேகர் மனைவி எட்டிப் பார்த்தார். அந்தம்மா எங்களுக்கு மோர் டம்ளர்களை நீட்டிக்கொண்டே சொன்னார்: "கல்யாணமான மறு வாரமே எனக்குத் தெரியும். டிரங்குப் பெட்டி நிறைய ஹால் டிக்கெட்டா இருக்குது, சர்டிபிகேட் மட்டும் காணோம்."

பெற்றோர் வெளியே நிற்கவும்

பழைய அரியர்காரர்களுக்குப் பல்கலைக்கழகம் சிறப்பு வாய்ப்பு கொடுத்திருப்பதைக் கண்டுபிடித்தவர் ரஃபி பாய். தனசேகருக்கு நிற்பது ஸ்டாட்டிஸ்டிக்ஸும் இங்கிலீஷும். ஸ்டாட்டிஸ்டிக்ஸ் என் தலையில் விழுந்தது. இங்கிலீஷை நானே பார்த்துக்கொள்கிறேன் என்று தலைவர் பிடுங்கிக்கொண்டார். ஞாயிறுதோறும் என் வீட்டில் வகுப்பு. வீட்டுப்பாடம் செய்யாமல் வந்தால், "தறியில நூல் அறுந்துகினே இருந்துச்சு டீச்சர்" என்பார் தனசேகர். என் பள்ளிப் பிள்ளைகள்கூட இதைவிட நல்ல பொய் சொல்வார்கள்.

முதல் பரீட்சைக்கு ரஃபி பாயும் நானும் கூடவே ரயிலேறிச் சென்னைக்குப் போனோம். தனசேகர் வழி முழுக்க ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டே வந்தார். காலேஜ் வாசலில் வாட்ச்மேன், "பேரன்ட்ஸ் எல்லாம் வெளிய நிக்கணும் சார்" என்று அவரைத் தடுத்தார். தனசேகர் ஹால் டிக்கெட்டை நீட்டினார். வாட்ச்மேன் போட்டோவைப் பார்த்தார், நரைத்த மீசையைப் பார்த்தார், பின்னால் நின்ற எங்களைக் காட்டி, "அப்போ இவங்க?" என்றார். காலையிலிருந்து திறக்காத வாயை தனசேகர் அப்போதுதான் திறந்தார்: "ஆங், இவங்கதான் சார் என் பேரன்ட்ஸ்."

ரிசல்ட்

ஸ்டாட்டிஸ்டிக்ஸில் ஐம்பத்திரண்டு. இங்கிலீஷில் இருபத்தொன்பது, ஃபெயில். நான் என் காலரை, அதாவது முந்தானையை, தூக்கிவிட்டுக்கொண்டேன். தலைவர், கேள்வித்தாளிலேயே இலக்கணப் பிழை என்றார். அடுத்த கூட்டத்தில் தனசேகர் கடைசி வரிசையில், கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பட்டம் வேண்டும் என்ற விதியை என்ன செய்வது என்று தலைவர் தொண்டையைக் கனைத்தார். ரங்கநாதன் சார் எழுந்து, பரீட்சை ஹாலில் உட்கார்ந்தவன் எல்லாம் உறுப்பினர்தான் என்று எழுதிக்கோம்மா என்றார். தலைவர் வாயைத் திறப்பதற்குள் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, கையெழுத்துக்கு அவரிடமே நீட்டினேன். இங்கிலீஷ் வாத்தியார் என்ற முறையில் அவருக்கு வேறு வழியில்லை.

எல்லோரும் தட்டிக்கொடுக்க, தனசேகர் கடைசி வரிசையிலிருந்து எழுந்து முன்னால் வந்தார். கண் கலங்கித்தான் இருந்தது. ஆனால் கெத்து குறையவில்லை: "நீங்கல்லாம் படிச்சு முடிச்சவங்க. இந்த சங்கத்துல இன்னும் படிச்சுகினு இருக்கறவன் நான் ஒருத்தன்தான், கொஞ்சம் மரியாத குடுங்க."

அவரவர் படித்த காலத்தில் இதே மின்சார ரயிலில் மூன்று வருடம் சென்னைக்குப் போய்வந்தும், கூட வந்தவர் பெயரைக்கூடக் கேட்டுக்கொள்ளாத நாங்கள், இப்போது அடுத்த இங்கிலீஷ் வகுப்பை யார் எடுப்பது என்று வாரம் தவறாமல் சண்டை போட்டுக்கொள்கிறோமே, சங்கம் நன்றாக நடக்கிறது என்பதற்கு இதைவிட வேறு ஆதாரம் என்னிடம் இல்லை.