ராட்டையிலிருந்து கழற்றிய சக்கரம்

மண்ணெண்ணெயில் ஊறும் சைக்கிள் செயினின் வாசனை எங்காவது மூக்கில் பட்டால் மற்றவர்களுக்குக் கடைத்தெரு ஞாபகம் வரலாம். எனக்கு ஆஸ்பத்திரி ஞாபகம்தான் வரும். எழுபதுகளின் தொடக்கத்தில், எனக்குப் பத்து வயது இருக்கும்போது, அம்மாவுக்கு டி.பி. என்று டாக்டர் சொல்லிவிட்டார். எங்கள் தெருவில் அந்தப் பெயரை யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள், "அந்த இருமல்" என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். திருத்தணி ஆஸ்பத்திரிக்குத் தினமும் வந்து ஊசி போட்டுக்கொள்ள வேண்டும், நடுவில் விட்டால் அப்புறம் பிழைப்பது கஷ்டம் என்று அங்கிருந்த நர்ஸம்மா என் அப்பாவிடம் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியிருந்தார். அப்பாவை நாங்கள் "நைனா" என்றுதான் கூப்பிடுவோம்.

எங்கள் நெசவுத் தெரு கே.ஜி.கண்டிகைக்குப் போகும் சாலையில், திருத்தணிக்குச் சற்று வெளியே இருந்தது. பஸ் உண்டு. ஆனால் முதல் தடவை பஸ்ஸில் போனபோது அம்மா இருமியதும், பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எழுந்து போய்விட்டாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் அம்மா அதற்குப் பிறகு பஸ் ஏறவே மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அவளுடைய வீம்பு தெரு முழுக்கப் பிரசித்தம். ஆகவே நைனாவின் சைக்கிள் கேரியர்தான் கதி என்றாயிற்று.

அதைச் சைக்கிள் என்று சொல்வதற்கே தாராள மனசு வேண்டும். பிரேக் கட்டை தேய்ந்துபோனதால் பழைய டயரைத் துண்டு போட்டு அதில் சொருகியிருந்தார் நைனா. உடைந்த பெடலுக்குப் பதிலாகத் தறியின் பழைய மிதிபலகையைச் செதுக்கி மாட்டியிருந்தார். ஆட்டம் கண்ட கேரியரை நூல் கயிற்றால் இறுக்கிக் கட்டி, அம்மாவுக்கு உறுத்தாமலிருக்கக் கோணிச் சாக்கை நாலாக மடித்துப் போட்டிருந்தார். சாயந்திரம் தறியை விட்டு இறங்கியதும் சைக்கிளை வாசலில் "கவுத்துப் போட்டு" செயினைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறவைத்துவிட்டு, நாளைக்கு எது உடையும் என்று முன்கூட்டியே தேடிக்கொண்டிருப்பார். சாமி கும்பிடுவதில்கூட அவ்வளவு சிரத்தை அவரிடம் நான் கண்டதில்லை.

ஒருநாள் ஊசி போட்டுத் திரும்பும்போது முன்சக்கரம் பள்ளத்தில் இறங்கி ரிம் பிளந்துகொண்டது. அம்மாவுக்கு அடி இல்லை. சைக்கிள் கடைக்காரர் அதைச் சுற்றிப் பார்த்துவிட்டு, வளைந்திருந்தால் "கோட்டம்" எடுத்துவிடலாம், பிளந்ததை என்ன செய்வது, புது ரிம்தான் வேண்டும் என்று கையை விரித்துவிட்டார். தறியில் இருக்கும் சேலையை முடித்து அறுத்துக் கொடுத்தால்தான் ரிம் வாங்க முடியும். ஊசியோ மறுநாள் காலை போட்டாக வேண்டும்.

எங்கள் பக்கத்து நெசவு வீடுகளில், தார்க்குச்சியில் நூல் சுற்றும் ராட்டைக்குப் பழைய சைக்கிள் சக்கரத்தைத்தான் மாட்டியிருப்பார்கள். எங்கள் வீட்டு ராட்டை அம்மாவுடையது. அவள் படுத்த நாளிலிருந்து பக்கத்து வீட்டு அத்தைதான் தன் ராட்டையில் எங்களுக்கும் தார் சுற்றிக் கொடுத்தாள். ஆனாலும் வெள்ளிக்கிழமை தோறும் அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்து, ஓடாமல் நின்ற தன் ராட்டையைத் துடைத்துச் சக்கரத்தின் நடுவில் குங்குமம் வைப்பாள். ரிம் பிளந்த அன்று சாயந்திரம் அவள் தூங்கிக்கொண்டிருக்கையில் நைனா அந்தச் சக்கரத்தைக் கழற்றி, டியூபும் டயரும் ஏற்றிச் சைக்கிளில் மாட்டிவிட்டார்.

காலையில் கேரியரில் உட்கார வந்த அம்மா, முன்சக்கரத்தின் நடுவில் தான் வைத்த குங்குமத்தைப் பார்த்தாள்.

"இத எதுக்குக் கழட்டுனீங்க?"

"சும்மாதான நின்னுகினு இருக்குதுன்னு..." என்றார் நைனா.

"நானுந்தான் சும்மா இருக்கேன். படுத்துகினுதான் இருக்கேன், இன்னும் போயிடல."

சொல்லிவிட்டு உள்ளே போய்ச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். இனி இவள் எழுந்து தார் சுற்றப்போவதில்லை என்று புருஷனே முடிவுகட்டிவிட்டான் என்று அவளுக்குப் பட்டிருக்க வேண்டும். நைனா அப்படி நினைத்திருக்கவே மாட்டார். அதுதான் அதில் பெரிய கொடுமை. அத்தை வந்து கெஞ்சினாள். நான் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். ஆஸ்பத்திரி நேரம் போய்க்கொண்டிருந்தது. கடைசியில் நைனா உள்ளே வந்து அவள் தலைமாட்டில் குந்தினார்.

"இத திரும்ப ராட்டையில நீதான் மாட்டுவ. நான் கைய வெக்க மாட்டேன். இப்ப எழுந்து வா."

அம்மா எழுந்து வந்தாள். அன்றைய ஊசி தப்பவில்லை.

சேலை அறுத்து வந்த காசு பாலுக்கும் முட்டைக்கும் போயிற்று. ரிம் வாங்குவது தள்ளிக்கொண்டே போனது. ஆனால் அம்மாவின் கன்னத்தில் கொஞ்சம் சதை பிடித்தது, இருமல் அடங்கியது. ஊசிகள் இன்னும் பாக்கியிருக்கும்போதே ஒருநாள் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு சைக்கிள் முன்னால் உட்கார்ந்து, மூச்சு வாங்க வாங்கச் சக்கரத்தைக் கழற்றி ராட்டையில் மாட்டிவிட்டாள். நைனா சத்தம் போட்டார், ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போவாய் என்று கேட்டார். நடந்து பார்க்கிறேன், முடியாவிட்டால் வழியில் குந்திக்கொள்கிறேன் என்றாள். நைனா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கூடவே கிளம்பினார்.

எங்கள் தெருவில் புருஷன் முன்னால் போவான், பெண்டாட்டி பின்னால் போவாள். வழக்கம் அது. ஆனால் அம்மா எந்த இடத்தில் தள்ளாடுவாள் என்று தெரியாததால் நைனா அவளுக்குப் பக்கத்திலேயே நடக்க வேண்டியிருந்தது. அவள் நின்றால் நிற்பார். அவள் மூச்சு வாங்க உட்கார்ந்தால் சாலையைப் பார்த்துக்கொண்டு அவரும் உட்காருவார். இரண்டு பேரும் ஏதோ பேசிக்கொண்டே போவார்கள், என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. ஊசிகள் முடியும் வரைக்கும் அப்படித்தான் போய் வந்தார்கள்.

இப்போது அந்த வழியில் ஷேர் ஆட்டோ ஓடுகிறது. அம்மாவுக்கு வந்த சீக்குக்கு மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள், ரொம்ப நல்லது. எங்கள் வீடு இருந்த இடத்தில் பவர்லூம் ஷெட் இருக்கிறது. அம்மா பிழைத்து, பேரன் பேத்தி எடுத்து, நைனாவுக்குப் பிறகும் பல வருஷம் இருந்துதான் போனாள். இதில் எதற்காகவும் எனக்கு வருத்தமில்லை. ஊசியெல்லாம் முடிந்து இரண்டு மாதம் கழித்து நைனா புது ரிம் வாங்கி சைக்கிளைச் சரிசெய்துவிட்டார், என் வருத்தம் அதில்தான் இருக்கிறது. வீடே சந்தோஷப்பட்டது. மறுநாளிலிருந்து எங்கே போனாலும் நைனா சைக்கிளில் முன்னால் போனார், உடம்பு தேறிவிட்ட அம்மா பின்னால் தனியாக நடந்து வந்தாள்.