கூப்பிடுதூரத்துக்கு அப்பால்

மகள் கழற்றி எறிந்த சப்பாத்திலிருந்து வாவிச் சேற்றின் வாடை வந்தது.

"இனி ஓட்டப் பயிற்சிக்குப் போகமாட்டன்மா. எந்த நாளும் கடைசியாத்தான் வாறன்."

வேலை முடிந்து வந்த அலுப்பில் உட்கார்ந்திருந்தேன். அந்த வாடைதான் என்னை நான் பிறந்து வளர்ந்த செட்டிபாளையத்துக்கு இழுத்துப் போனது. அங்கே பின்னேரமானால் அம்மா, பெரியம்மா, அண்ணன்மார் எல்லோரும் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

"இஞ்ச வா புள்ள, மீனைக் கழுவு."

"தண்ணி அள்ளு புள்ள."

வெறுங்காலோடு வாவிக்கரைக் கண்டல் மரங்களைத் தாண்டி ஓடிவிட்டால் எந்தக் குரலும் எட்டாது. பள்ளிக்கூடப் போட்டிகளில் நான் ஒருநாளும் வென்றதில்லை. ஆனாலும் ஓடினேன்.

"வெல்லாட்டிப் பரவாயில்ல மகள். ஓடக்குள்ள உன்ன ஒருத்தரும் கூப்பிடேலா," என்றேன்.

உள்ளேயிருந்து கணவர் கூப்பிட்டார்: "தேத்தண்ணி எங்க?"

நான் எழுந்தேன். மகள் என்னையே பார்த்தபடி சப்பாத்தை மாட்டத் தொடங்கினாள்.