புடவை மடிப்பில் வைத்த தாலி

புடவை மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறவளுக்கு வீட்டுப் பாயைவிட லாட்ஜ் கட்டில்தான் பழக்கம். ஆரணியில் என் தம்பி தறியில் நெய்வதையும் அக்கம்பக்கத்துத் தறிகளில் இறங்குவதையும் வாங்கிக்கொண்டு பெங்களூர், கடப்பை, சென்னை என்று போய் விற்றுவிட்டு வருவேன். பள்ளிக்கூடத்தில் நான் அதிக நாள் உட்காரவில்லை. எழுத்துக்கூட்டப் பழகியதே பஸ் போர்டைப் பார்த்துத்தான். மற்ற படிப்பெல்லாம் பக்கத்து சீட்டுக்காரர்கள் வாயிலிருந்து வந்தது.

அதில் பாதி, வெளியூரில் பொருளைக் காப்பாற்றுகிற படிப்பு. கடப்பை லாட்ஜில் ஒரு வளையல்காரம்மா சொன்னாள்: "தாப்பா போட்டா மட்டும் பத்தாதும்மா. தாப்பா மேல ஒரு சொம்ப நிறுத்தி வை. எவனாச்சும் கதவ அசைச்சா நீ கத்த வேணாம், அது கத்தும்." கண்ணமங்கலத்தில் பஸ் ஏறிய ஒருவர் என் பெட்டியின் பூட்டைத் தட்டிப் பார்த்துவிட்டு, "பூட்டு யோக்கியனுக்குத்தாம்மா. அயோக்கியனுக்கு அது வெறும் இரும்பு" என்றார். மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்று எல்லோரும்தான் சொல்கிறார்கள். பயம் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும், கனம் மடியிலேயே இருக்கட்டும் என்பது என் கட்சி. இடுப்புச் சுருக்குப் பையைக் குளிக்கும்போதுகூட அறையில் விட்டுவிட்டுப் போகமாட்டேன். வாளிக்குப் பக்கத்தில், கண்ணில் படுகிற மாதிரி இருக்கும்.

இவ்வளவும் தெரிந்தவள் கூட இருந்தும், தம்பி பெண்டாட்டியின் தாலி வேலூர் லாட்ஜ் ஒன்றில் போய்விட்டது.

அவளுக்கு வயிற்றில் கட்டி. ஆரணியில் பார்த்த டாக்டர், "இங்க வேணாம், வேலூருக்குப் போயிடுங்க" என்று சொல்லிவிட்டார். அறுத்து எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினால்தான் அது என்ன மாதிரிக் கட்டி என்று தெரியுமாம். முதலில் தினம் பஸ்ஸில் போய் வந்துகொண்டிருந்தோம். ஆபரேஷன் என்று ஆனதும், ஆஸ்பத்திரிக்கு எதிர்ச் சந்தில் ஓர் அறை எடுத்தோம்.

அந்தச் சந்து லாட்ஜுகள் நான் பார்த்த மற்ற லாட்ஜுகள் மாதிரி இல்லை. எங்கெங்கிருந்தோ ரயிலேறி வந்த ஜனம், எக்ஸ்ரே கவரை மார்போடு அணைத்துக்கொண்டு மாடிப்படி ஏறும். வராந்தாவில் வாடகை அடுப்பில் கஞ்சி கொதிக்கும். பாஷை தெரியாமலே ஒருவர் நோயை ஒருவர் விசாரித்துக்கொள்வார்கள். பக்கத்து அறையம்மாள் என்னைப் பார்த்ததும் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள், பிறகு உள்ளே படுத்திருந்த புருஷனைக் காட்டினாள். நான் வயிற்றைத் தொட்டுக் காட்டினேன். அவ்வளவுதான். அன்றிலிருந்து எங்களுக்கு வெந்நீர் அவள் அடுப்பில்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் வார்டில் சேர்த்தோம். நர்ஸ் வந்து, "தோடு, மூக்குத்தி, மெட்டி, தாலி எல்லாம் கழட்டிடணும்மா" என்றாள்.

"தாலியுமா சிஸ்டர்?"

"தாலியுந்தாம்மா. மனசு கேக்கலன்னா ஒரு மஞ்சக் கயிறு கட்டிக்குங்க. கழுத்துல வேணாம், கையில."

தம்பி கீழே ஓடிப்போய் மஞ்சள் கயிறும் கிழங்கும் வாங்கி வந்தான். கழுத்து அளவுக் கயிறு அது. கிழங்கைக் கட்டி, அவள் இடது மணிக்கட்டில் சுற்றிச் சுற்றி நான்தான் முடிந்தேன். அதற்குப் பிறகுதான் அவள் கழுத்துச் சரடில் கை வைத்தாள். முதலில் மஞ்சள் ஏறணும், பிறகு பொன் இறங்கணும். நடுவில் ஒரு கணம்கூட உடம்பு வெறுமையாக இருக்கக்கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம்.

"எங்கிட்ட குடு, மடியில முடிஞ்சிக்கிறேன்" என்று கையை நீட்டினேன்.

"அவருகிட்டயே இருக்கட்டும் அண்ணி. கட்டினவரு வெச்சிக்கினு இருந்து, திரும்பி அவரே கட்டட்டும்."

தம்பி அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். பெண்கள் வார்டில் நான் மட்டும்தான் தங்கலாம் என்றதால், அவன் லாட்ஜுக்குப் போனான்.

அறையில் ஓர் இரும்பு பீரோ இருந்தது. அதற்கு நாங்களே கொண்டுவந்த பூட்டு. ஆஸ்பத்திரிக் காகிதங்களையும் பணத்தையும் அதில் வைத்துப் பூட்டியிருக்கிறான். தாலியை அங்கே வைக்க அவனுக்கு மனம் வரவில்லை. திருடன் வந்தால் பூட்டைத்தான் உடைப்பான், பூட்டில்லாத இடத்தை எதற்குப் பார்க்கப் போகிறான் என்று யோசித்திருக்கிறான். யோசனையில் ஒன்றும் தப்பில்லை. கதவுக்குப் பின்னால் ஒரு கொக்கி. அதில் ஒரு துணிப் பை மாட்டியிருந்தது. பைக்குள், ஆபரேஷன் செய்யப்போகிற டாக்டரம்மாவுக்கென்று கொண்டுவந்த பட்டுப் புடவை. தம்பி நெய்தது. வயிற்று வலியோடு ராட்டையில் உட்கார்ந்து அதற்கு நூல் சுற்றிக் கொடுத்தவள் அவன் பெண்டாட்டி. எங்கள் ஜனத்துக்கு நன்றி சொல்லத் தெரிந்த விதம் அது ஒன்றுதான். அந்தப் புடவையின் மடிப்புக்குள் தாலியைச் சொருகி, பையைக் கொக்கியில் பழையபடி மாட்டிவிட்டான்.

இது வேறு ஊர்க்காரனுக்கு வராத புத்தி. நெய்கிறவன் வீட்டில் பட்டு ஒரு பொருளே இல்லை. பிழையாகிப்போன துண்டைத் தலையணை உறையாகத் தைத்திருப்பார்கள். வீட்டுச் சாவியை அறுந்த பட்டு இழையில் கோத்து ஆணியில் மாட்டியிருப்பார்கள். தறி துடைக்கிற கந்தல்கூடப் பட்டுக் கந்தல்தான். பிறந்த நாளாகத் தொட்டுத் தொட்டு, அது அவன் கைக்கு வெறும் துணி. வெளியூர்க் கண் அதை எப்படிப் பார்க்கும் என்பது விற்கப் போகிற எனக்குத்தான் தெரியும். பழைய வேட்டியில் சுற்றி, மேலே கிழிந்த துண்டைப் போட்டுக் கட்டாமல் ஒரு மூட்டையையும் நான் லாட்ஜுக்குள் கொண்டுபோனதில்லை. தறிக் குழியை விட்டு வெளியே வராதவனுக்கு அது எங்கே தெரியும்?

மறுநாள் காலையில் அவன் வந்து நின்று, அவளை ஆபரேஷன் தியேட்டருக்குள் தள்ளிக்கொண்டு போகும் வரை கூடவே நடந்தான். பிறகு, டாக்டரம்மா வெளியே வரும்போது கையில் புடவை இருக்கட்டும் என்று லாட்ஜுக்குப் போனான். கதவு அவன் பூட்டியபடியே இருந்தது. பீரோவும் பூட்டியபடியே இருந்தது. கொக்கியில் மட்டும் பை இல்லை.

கவுண்டரில் மேனேஜர் கேட்டாராம்: "பூட்டினது பூட்டினபடி இருக்குதுன்னு நீங்களே சொல்றீங்க. பீரோவும் உடையல. அப்புறம் இன்னா சார் திருட்டு?"

"கொக்கில மாட்டின பை சார்."

"பையில இன்னா?"

"பொடவை."

"இன்னா பொடவை?"

"பட்டு."

மேனேஜர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "பட்டுப் பொடவைய கதவுல மாட்டி வெச்சிட்டு, பீரோ பூட்டு பத்திரமா இருக்குதுன்றீங்க. விலையுள்ள பொருள கவுண்டர்ல குடுங்கன்னு போர்டு மாட்டியிருக்கோமே, பார்க்கலியா?"

அதற்குள் தாலி இருந்தது என்று அவரிடம் சொல்லத் தம்பிக்கு வாய் வரவில்லை.

தியேட்டர் வாசல் பெஞ்சில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "அக்கா, பை போச்சு" என்றான்.

"எந்தப் பை?"

"பொடவைப் பை. அதுக்குள்ளதான் தாலி வெச்சிருந்தேன்."

"ஜல்தியா போலீஸ்ல போயி சொல்லுடா" என்றேன்.

"அவ உள்ள படுத்துக்கினு இருக்கா. நான் ஸ்டேஷன் வாசல்ல போயி நிக்கவா?" அவன் அசையவில்லை. தியேட்டர் கதவையே பார்த்துக்கொண்டிருந்தான். பார்வையைத் திருப்பாமலே கேட்டான்: "தாலி போனா யாருக்குக்கா கெடுதி?"

ஊருக்கே தெரிந்த பதில் அது.

"புருசனுக்குத்தானே? அப்ப வந்தது எனக்குத்தான், அவளுக்கு இல்ல. எடுத்துக்கட்டும்க்கா. அவ பொழச்சி வந்துடுவா, பாரேன்."

அவன் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. அதில் துக்கம் இல்லை. பாரத்தை இறக்கி வைத்தவன் முகம் மாதிரி இருந்தது.

அவள் வெளியே வந்தாள். கட்டியை முழுசாக எடுத்தாகிவிட்டது, பரிசோதனை முடிவு வரக் கொஞ்ச நாள் ஆகும் என்றார் டாக்டரம்மா. தம்பி வெறும் கையோடு அவரைக் கும்பிட்டான்.

திருடு கொடுத்தவள் மனசைப் பற்றி ரயிலில் ஒரு வாட்ச்மேன் சொன்னது எனக்கு அப்போதுதான் அர்த்தமாயிற்று: எடுத்தவனுக்கு ஒரு பாவம், பறிகொடுத்தவனுக்கு நூறு பாவம். வெந்நீருக்கு லாட்ஜுக்குப் போனால், மாடிப்படியில் எதிரே வருகிறவர்கள் கையிலிருக்கும் பையைத்தான் கண் முதலில் பார்க்கும். மாற்றுச் சாவியோடு வந்து அறை கூட்டுகிற பெண்ணைப் பார்க்கும். பக்கத்து அறையம்மாளின் மூட்டையைக்கூடப் பார்த்தது. அவளோ என்னைக் கண்டதும் வயிற்றைத் தொட்டு, 'என்ன ஆச்சு' என்று கையால் கேட்டாள். நல்லபடியாக ஆச்சு என்று தலையாட்டினேன். அவள் மேலே பார்த்துக் கும்பிட்டுவிட்டு, என் பிளாஸ்கை வாங்கிக் கழுவி வெந்நீர் ஊற்றிக் கொடுத்தாள்.

வார்டில் தம்பி பெண்டாட்டி கண் விழித்ததும் மணிக்கட்டைத் தூக்கிப் பார்த்துக்கொண்டாள். "தாலி பத்திரமா?" என்று கேட்டாள். தம்பி "உம்" என்றான். அதற்குப் பிறகு அவள் கேட்கிற போதெல்லாம், ஏதாவது மாத்திரை வாங்க வேண்டும் என்று கீழே இறங்கிவிடுவான். ஒரு தரம் அப்படிப் போனவன், கடைத்தெருவில் கவரிங் கடை வாசலில் நின்றுவிட்டு வந்திருக்கிறான். "கண்ணாடிப் பொட்டி நெறைய தாலி தொங்குதுக்கா. ஒண்ணுகூட அவள்து மாதிரி இல்ல" என்று என்னிடம் சொன்னான். பிறகு, "வீட்டுக்குப் போறதுக்கு முன்னாடி நானே சொல்லிட்றேன்" என்றான்.

டிஸ்சார்ஜ் ஆனதும் சாமான்களை எடுக்க மூன்று பேரும் லாட்ஜுக்கு வந்தோம். அவள் மாடிப்படியில் நின்று நின்று ஏறி, அறைக்குள் வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். "குடுங்க. கட்டிக்கினே பஸ் ஏறலாம்."

தம்பி கதவைச் சாத்தினான். பின்னாலிருந்த கொக்கியைக் காட்டினான். "அங்கதான் மாட்டியிருந்தேன்."

"இன்னாத்த?"

"டாக்டரம்மா பொடவைய. அதுக்குள்ள தாலி. எவனோ பையோட தூக்கிக்கினு போயிட்டான். நீ தியேட்டர் உள்ள இருந்தப்பவே."

அவள் கொக்கியையே பார்த்தாள். கை கழுத்துக்குப் போயிற்று. அங்கே ஒன்றும் இல்லை என்றதும் மணிக்கட்டுக்கு வந்தது.

"பட்டுப் பொடவைக்குள்ளயா வெச்ச?" என்றாள். என் எதிரில் அவனை அவள் ஒருமையில் பேசி நான் கேட்டதில்லை.

"துணிதானேன்னு..."

"துணி!" அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "ஐயோ அண்ணி, தையல் இழுக்குது. கல்யாணத்துக்கு ஒண்ணு எடுக்கறதுக்கு அவனவன் நாலு ஊரு அலையறான். இவுருக்கு அது துணியாம்! வாசல்ல விருந்து வெச்சிட்டு, உள்ள பூட்டிக்கினு வந்தாராம்!" சிரித்துக்கொண்டிருந்தவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "மொதல்லயே ஏன் சொல்லல?" என்று கேட்டாள்.

தியேட்டர் வாசலில் அவன் பேசியதை நான்தான் சொன்னேன்.

அவள் முகம் மாறிவிட்டது. "யாரு உன்ன குடுக்க சொன்னா?" என்றாள் அவனைப் பார்த்து. "என் உசுருக்கு உன் உசுரா? என்னை ஒரு வார்த்த கேக்காம, நீயா போயி பேரம் பேசி முடிச்சிட்டு வருவியா? எமன் கேட்டானாம், இவுரு தூக்கிக் குடுத்தாராம்!"

"யாரும் கேக்கலடி. நானாதான்..."

"அப்ப நீயே திருப்பி வாங்கிக்கோ."

அப்படிச் சொல்லிவிட்டு இடது கையை அவன் முன்னால் நீட்டினாள்.

அவன் தரையில் மண்டியிட்டு, மணிக்கட்டில் இருந்த கயிற்றைச் சுற்றுச் சுற்றாகப் பிரித்தான். ஆஸ்பத்திரி சோப்பில் மஞ்சள் வெளுத்திருந்தது. கிழங்கு அப்படியே இருந்தது. எழுந்து அவள் கழுத்தைச் சுற்றிப் போட்டு, முதல் முடிச்சு போட்டான். கண்ணுக்கே தெரியாத பட்டு இழை அறுந்தால் பார்க்காமலே முடிச்சுப் போடுகிற விரல்கள் அவை. அந்தத் தடித்த கயிற்றில் நழுவி நழுவிப் போயின.

கல்யாணத்தில் முதல் முடிச்சு மாப்பிள்ளை போட்டால், மற்ற இரண்டும் நாத்தனார் போட வேண்டும். அவர்கள் கல்யாணத்தில் மேளச் சத்தத்துக்கும் அட்சதைக்கும் நடுவில், யாரோ முதுகில் இடிக்க, அவசர அவசரமாக நான் போட்டேன். அந்த அறையில் ஒரு சத்தமும் இல்லை. வராந்தாவில் பக்கத்து அறையம்மாள் பாத்திரம் கழுவுவது மட்டும் கேட்டது. பயப்படும்படி ஒன்றும் இல்லை என்று பரிசோதனை முடிவு பிறகு வந்தது. தம்பியும் இன்றுவரை தறியில் உட்கார்ந்துகொண்டுதான் இருக்கிறான். ஆனால் அந்த நேரத்தில் எங்கள் மூன்று பேருக்கும் எதுவும் தெரியாது. இரண்டாவது முடிச்சைப் போட்டேன்.

"டாக்டரம்மாவுக்கு இன்னா குடுக்கறது?" என்று கேட்டாள், தலையைக் குனிந்தபடியே.

"வேற நெய்யறேன்" என்றான் தம்பி.

"அத நான் எடுத்துக்கினு வர்றேன். நீ தொடாத." பிறகு கழுத்தை எனக்கு இன்னும் கொஞ்சம் சாய்த்துக் கொடுத்தாள். "மூணாவது நல்லா இறுக்கிப் போடுங்க அண்ணி. பஸ்ல தூங்கினாலும் தூங்கிடுவேன்."

போட்டேன். போட்டதை இன்னொரு தரம் இழுத்துப் பார்த்தேன்.