அரிசி டின்னில் வைத்த தாலி

என் வீட்டுக்காரருக்கு வாய் நீளம். கல்யாணமான புதிதில் அதை ஒரு சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த வாயை நம்பித்தான் மறைமலை நகரில் எங்கள் முதல் வாடகை வீட்டுக்குக் குடிபோனோம். போன நாளிலிருந்து என் வயிற்றில் பிள்ளையோடு பயமும் சேர்ந்து வளர்ந்தது.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. அவருக்கு அங்கே ஒரு தொழிற்சாலையில், இரும்புத் தகடு வெட்டும் பிரஸ் ஷாப்பில் வேலை. பிள்ளைப்பாக்கத்தில் தன் அண்ணன் வீட்டிலிருந்து பஸ் மாறி மாறிப் போய்வந்துகொண்டிருந்தார். அந்த வீட்டில் ஓர் அறையும் ஒரு சமையலறையும்தான். ராத்திரியில் சமையலறை எங்களுக்கு. நான் முழுகாமல் இருப்பது தெரிந்ததும் என் ஓரகத்தி உத்தரத்தை அண்ணாந்து பார்த்து, "தொட்டில் கட்ட இங்க எடம் எங்க கீது?" என்றாள். கேள்வி உத்தரத்துக்கில்லை என்பது எனக்குப் புரிந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் மாதா கோயிலில் பூசை முடிந்ததும் வீடு தேடினோம். எல்லா வாசலிலும் முதல் கேள்வி பெயர்தான். எங்கள் கிறிஸ்தவப் பெயர்களைக் கேட்டதும், "ஓ, வேதக்காரங்களா" என்பார்கள். அதற்குப் பிறகு அந்த வீட்டுக்கு வெள்ளையடிக்க வேண்டியிருக்கும், இல்லையென்றால் தம்பி குடும்பம் ஊரிலிருந்து வரவேண்டியிருக்கும். இல்லை என்று நேராகச் சொன்னவர் யாருமில்லை. ஒரு வீட்டில் மோர் கொடுத்து உட்காரவைத்து, குடித்து முடித்த பிறகு அனுப்பினார்கள். ஏழு வீடு இப்படிப் போயிற்று. எனக்கு மாதம் நான்கு.

எட்டாவது, அரசாங்கம் கட்டி விற்ற அடுக்கு வீடு. கீழே இரண்டு, மேலே இரண்டு. கீழ்வீட்டு அம்மாள் தன் வீட்டுக்கு நேர் மேலே உள்ளதையும் வாங்கி வைத்திருந்தாள். ஐம்பது வயதிருக்கும். இரண்டு மூக்கிலும் மூக்குத்தி, முகம் நிறைய மஞ்சள். "பேரு இன்னாப்பா?" என்றாள். என் வீட்டுக்காரர் கண் இமைக்காமல் தன் ஃபோர்மேனின் பெயரைச் சொன்னார். எனக்கு சைக்கிள் கடைக்காரர் மகளின் பெயரைக் கொடுத்தார். இரண்டும் நல்ல சாமி பெயர்கள்.

"நம்ம ஆளுங்கதான?"

"ஆமாம்மா."

நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அடக்கமான பெண் என்று அந்த அம்மாளுக்குப் பிடித்துப்போயிற்று. திரும்பும் வழியெல்லாம் அவரைப் பிடுங்கி எடுத்தேன். "வாடகையையா பொய்யாக் குடுக்கப் போறோம்? பேருதான" என்றார்.

வைகாசியில் குடிபோனோம். வீட்டுக்கார அம்மாள் கூடவே நின்று பால் காய்ச்ச வைத்தாள். பால் பொங்கி வழிந்தபோது என் வலது கை தானாக நெற்றிக்குப் போய்விட்டது. நெஞ்சுக்கு இறங்குவதற்குள் சுதாரித்து, பொட்டைச் சரிசெய்வதுபோல விரலால் அழுத்தினேன். அந்த அம்மாள் பாலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் அப்படித்தான். மாதா படத்தை முருகன் காலண்டருக்குப் பின்னால் மாட்டினேன். ஜெபமாலை பருப்பு டப்பாவுக்குள் போயிற்று. சிலுவை பொறித்த என் தாலி ரவிக்கைக்குள்ளேயே கிடந்தது, குளிக்கும்போதுகூடக் கதவைத் தாழிட்டோமா என்று இரண்டு முறை பார்ப்பேன். ஞாயிறு காலை கோயிலுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுச் செங்கல்பட்டுக்குப் பூசைக்குப் போவேன். நாங்களும் கோயில் என்றுதான் சொல்வோம், அதனால் அது மட்டும் பொய் இல்லை. திரும்பும்போது தெருமுனையில் நின்று நெற்றியில் விபூதி இட்டுக்கொள்வேன். மாடிப்படியில் என் புதுப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் எனக்குத் திரும்பத் தோன்றாது. அதனால் எனக்குக் காது மந்தம் என்று முடிவுகட்டி அந்த அம்மாள் கத்திப் பேச ஆரம்பித்தாள். அதைச் சொல்லி என் வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. படியில் காலடிச் சத்தம் கேட்டாலே காலண்டர் நேராக இருக்கிறதா என்று பார்ப்பேன். ஆறு மாத வயிற்றோடு தெருவில் சாமானை இறக்கிவைத்துக்கொண்டு நிற்பதுபோலவே எப்போதும் ஒரு நினைப்பு. கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். எங்கள் புளுகு இரண்டு மாதத்துக்கும் மேல் ஓடியது.

ஆடிப் பதினெட்டுக்கு முந்தின நாள் அந்த அம்மாள் படியேறி வந்தாள். "நாளைக்குப் பத்து மணிக்குக் கீழ வந்துடும்மா. மத்த ரெண்டு வூட்டுப் பொண்ணுங்களும் வருதுங்க. கயிறு மாத்திக்கினு, மஞ்ச குங்குமம் வாங்கிக்கினு போவலாம்" என்று கத்திச் சொல்லிவிட்டு இறங்கிப்போனாள்.

தாலிக் கயிற்றை மாற்றுவதென்றால் தாலியைப் பழைய கயிற்றிலிருந்து எடுத்துப் புதுக் கயிற்றில் கோக்க வேண்டும். எல்லார் கண்ணெதிரிலும். எங்கள் பக்கத்தில் இந்த வழக்கம் கிடையாது என்றாலும் அந்த அளவுக்கு எனக்குத் தெரியும். போகாமல் இருந்தால் ஏன் வரவில்லை என்று மேலே வருவாள். போனால் சிலுவை வெளியே வரும்.

மறுநாள் அவருக்கு முதல் ஷிஃப்ட். விடியுமுன் கிளம்பிப் போய்விட்டார். நான் உட்கார்ந்து யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். தாலி அடகுக்குப் போன வீட்டில் பெண்கள் விரலி மஞ்சளைக் கயிற்றில் கட்டிக்கொண்டு இருப்பார்கள், அதை யாரும் கிண்டிக் கேட்கவும் மாட்டார்கள். ஒரு நல்ல விரலி மஞ்சளாகப் பார்த்து எடுத்துக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் போட்டுக்கொண்டேன். பிறகு என் தாலியைத் தலைவழியாகக் கழற்றினேன். கழுத்தை விட்டு அது வந்தது அன்றுதான் முதல்முறை. அரிசி டின்னுக்குள் கையை முழங்கைவரை விட்டு அடியில் புதைத்தேன்.

கீழே மூன்று பெண்களும் மனைப்பலகையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். தட்டில் புதுக் கயிறுகள், பூ, காதோலை கருகமணி. நான் போய் எல்லாரையும் முந்திக்கொண்டு, "எனக்கும் கயிறு மாத்தணும்மா. தாலி அடகுல இருக்கு" என்று மஞ்சளை வெளியே எடுத்துக் காட்டினேன். என் கெட்டிக்காரத்தனம் எனக்கே பிடித்திருந்தது.

வீட்டுக்கார அம்மாள் மஞ்சளைப் பார்த்தாள், பிறகு என் வயிற்றைப் பார்த்தாள்.

"மாசமா இருக்கசொல்ல கயிறு மாத்தக் கூடாதும்மா. உங்கம்மா உனுக்குச் சொல்லலியா? கயிறு மாத்தறதுன்னு சொன்னது அதுங்களுக்கு. உன்ன நான் பூ வாங்கிக்கத்தான கூப்ட்டேன்."

பேசாமல் உட்கார்ந்திருந்தால் தாலியை யாரும் கேட்டே இருக்க மாட்டார்கள். நானாகப் போய் நீட்டினேன். பூவையும் புளிச்சோற்றையும் வாங்கிக்கொண்டு மேலே வந்தேன். படியேறும்போது முதுகில் அந்த அம்மாளின் பார்வை சுட்டது. எப்போது வேண்டுமானாலும் விசாரிக்க மேலே வருவாள் என்ற பயத்தில் தாலியை எடுத்துப் போட்டுக்கொள்ளவும் துணியவில்லை. மஞ்சளோடேயே உட்கார்ந்திருந்தேன்.

இரண்டரைக்கு ஷிஃப்ட் விடும். மூன்றுக்குள் சைக்கிள் மணி கேட்டுவிடும். அன்று மூன்றரை ஆயிற்று. நாலு ஆயிற்று. அவர் பிரஸ் ஷாப்பில் இரண்டு விரல் போனவர்களும் இருந்தார்கள், நாலு விரல் போனவரும் இருந்தார். காலையில் தாலியைக் கழற்றினேன், மாலையில் ஆளைக் காணோம். வீடு போய்விடுமோ என்ற பயம் எங்கே போயிற்றென்றே தெரியவில்லை. ஐந்து மணிக்குக் கேட்டைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்து நின்றேன்.

"இன்னாம்மா, ஊட்டுக்காரர் இன்னும் வரலியா?" என்று வீட்டுக்கார அம்மாள் வெளியே வந்தாள்.

"நான் தாலியக் கழட்டிட்டேம்மா" என்று அழ ஆரம்பித்தேன். "அடகுல இல்ல. கழட்டி அரிசில வச்சிட்டேன். சிலுவை இருக்குது அதுல. நாங்க வேதக்காரங்கம்மா. அவருக்கு ஏதோ ஆயிடுச்சும்மா."

"அடிப்பாவி!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். "புருசன் வேலைக்குப் போயிருக்கசொல்ல தாலியக் கழட்டுவாளாடி ஒருத்தி?" என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மாடிக்கு வந்தாள். அரிசி டின்னில் அவளே கையை விட்டுத் துழாவினாள். எடுத்தாள். தவிடு ஒட்டியிருந்ததை முந்தானையில் துடைத்தாள். அப்போது சிலுவையைப் பார்த்தாள். ஒரு விநாடிதான். பிறகு என் தலைவழியாகப் போட்டு, பின்னலை வெளியே எடுத்துவிட்டு, "உங்க சாமியக் கும்புட்டுக்கோ" என்றாள். காலண்டருக்குப் பின்னால் இருந்த மாதாவைப் பார்த்து அவள் முன்னாலேயே சிலுவை போட்டுக்கொண்டேன்.

அரைமணி கழித்து அவர் வந்தார். பத்து விரலும் இருந்தன. அடுத்த ஷிஃப்ட் ஆள் நேரத்துக்கு வராததால் மெஷினை விட்டு வரமுடியவில்லையாம். சாப்பாட்டுத் தூக்கோடு வாசலில் நின்று எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அன்று அந்த நீளமான வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை.

வீட்டுக்கார அம்மாள்தான் பேசினாள். "புள்ளத்தாச்சிய வெளிய அனுப்புனா பாவம் என் தலைல வுழும். பிரசவம் ஆயி மூணு மாசம் இருங்க. அப்பால வேற வூடு பாத்துக்கங்க." கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ, கேட்டுவிட்டேன். "பொய் சொன்னதாலயாம்மா? அன்னிக்கே நெசத்தச் சொல்லியிருந்தா வீடு குடுத்திருப்பீங்களா?"

முந்தானையில் ஒட்டியிருந்த தவிட்டைத் தட்டினாள்.

"குடுத்திருக்க மாட்டேன்" என்றாள். பழக்கத்தில் நான் உள்ளே தள்ளியிருந்த தாலியைத் தானே எடுத்து ரவிக்கைக்கு மேலே விட்டு, படியிறங்கிப் போனாள்.