சிலாபத்துக்குப் போனவன்

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு மதுரை மாட்டுத்தாவணியில் தூத்துக்குடி பஸ் ஏறினேன். டிக்கெட் நூற்று நாற்பது ரூபாய். பையில் ஒரு நாவல், ஒரு நீலப் பென்சில், ஒரு டப்பா இட்லி. மூன்று மணி நேரம் பஸ்ஸில் உட்கார்ந்து போவது ஊர் பார்க்க இல்லை, சண்டை தீர்க்க.

சண்டை ரோஸ்லினோடு. துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்சி ஆபீஸில் வேலை பார்ப்பவள். பல வருஷத்துக்கு முன் புத்தகக் கண்காட்சியில் கடைசிப் பிரதி ஒன்றுக்கு இருவரும் ஒரே நேரத்தில் கை நீட்டினோம். விலையில் ஆளுக்குப் பாதி போட்டு வாங்கினோம். அன்றிலிருந்து ஒரு புத்தகம், இரண்டு வாசகிகள். அவள் சிவப்புப் பென்சிலால் ஓரத்தில் கிறுக்கி அனுப்புவாள், நான் நீலத்தில் பதில் எழுதுவேன்.

சமையலை முடித்துவிட்டு மின்விசிறிக்குக் கீழே படுத்து, இந்தப் பக்கத்தோடு எழுந்துவிடலாம் என்று சொல்லிக்கொண்டே சோறு ஆறும்வரை படிக்கிற சுகம் எனக்கு முன்பே உண்டு. ஆனால் நான் சிரித்த இடத்தில் ஒரு சிவப்புக் கோடு ஏற்கெனவே கிடந்தால் அந்தச் சுகமே தனி. எங்கள் வீட்டில் வேறு யாரும் புத்தகத்தைத் தொட மாட்டார்கள். ரோஸ்லின் போனால் எனக்கு இந்தப் பேச்சுக்கு ஆளே இல்லை.

கைகலப்பு ஒன்றுதான் பாக்கி என்கிற அளவுக்கு எங்களைக் கொண்டுவந்தது இந்த நாவல். தூத்துக்குடிக் கடற்கரைக் கதை. உப்பளத் தொழிலாளி ஒருவன் மனைவியோடு சண்டை போட்டுவிட்டு, ‘சிலாபத்துக்குப் போறேன்’ என்று கிளம்புகிறான். திரும்பி வரவேயில்லை. அவள் கடல் பக்கத்துச் சன்னலைப் பலகை வைத்து அடைக்கிறாள். கதை முடிந்தது. ரோஸ்லின் சிவப்பில் ‘பாவம்’ என்று எழுதியிருந்தாள். நான் கீழே ‘பாவமா? ஓடுகாலிப் பயல்!’ என்று எழுதி, போட்டோ எடுத்து அனுப்பினேன். உடனே போன் வந்தது. “இனிமே எனக்குப் புஸ்தகம் அனுப்பாத” என்று வைத்துவிட்டாள். பொங்கலுக்கு முன்னால் நடந்தது இது, இப்போது பங்குனி.

எட்டயபுரம் தாண்டியதும் வெயில் ஏறியது. ஒன்பது மணிக்குப் புது பஸ் ஸ்டாண்ட். அங்கிருந்து ஆட்டோவுக்கு நூற்றைம்பது ரூபாய். துறைமுகச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்றன, ஆட்டோவும் நின்றது.

“அவசரமா போறியளோ?” என்றார் ஓட்டுநர்.

“சண்டைக்குப் போறேன்.”

“அப்பம் மெல்லப் போவோம்” என்று இன்ஜினை அணைத்தார்.

ரோஸ்லினை ஆபீஸ் வாசலில் பிடித்தேன். என்னைக் கடற்கரைக்குக் கூட்டிப்போனாள். கடல் அலையில்லாமல் கிடந்தது. தூரத்தில் ஒரு கப்பல் உள்ளே வர முறைக்காகக் காத்து நின்றது. இட்லி டப்பாவைத் திறந்து நீட்டினேன். ஒன்றை எடுத்துக்கொண்டாள். கோபம் மட்டும் இறங்கவில்லை.

“எங்க பெரியப்பாவும் சிலாபத்துக்குப் போயி வராதவருதான். அவரையும் ஓடுகாலின்னு எழுதுவியோ?”

“அவரும் இலங்கைக்கா போனாரு?”

“இலங்கைக்கு எதுக்குப் போவணும்?”

“சிலாபம் இலங்கையிலதானே இருக்கு? அந்த ஊருக்கு ஓடிப்போயிட்டு பொண்டாட்டிய...”

ரோஸ்லின் என்னையே பார்த்தாள். “யேசுவே! ஏளா, சிலாபம்னா முத்துக்குளிப்பு. முத்துக் குளிக்கப் போறதத்தான் இங்கன அப்பிடிச் சொல்லுவாவ. கல்லக் கட்டிக் கடல்ல எறங்குனவன் மேல வரல. செத்துப் போனாம்ளா அவன்!”

அவளுக்குச் சிரிப்பு வந்தது, பிறகு எனக்கும். சுண்டல் விற்றவர் திரும்பிப் பார்க்கும்படி இருவரும் சிரித்தோம். “அப்பிடி ஒரு ஊரு இருக்குன்னு எனக்குத் தோணவே இல்லியே” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் ஓரத்தில் எழுதியதை அழிக்க ரப்பர் கேட்டேன்.

“அழிக்காத, கெடக்கட்டும். அடுத்த புஸ்தகம் எப்பம் அனுப்புத?”

அந்தக் கேள்வியைக் கேட்டதும் மூன்று மாதப் பாரம் இறங்கியது.

நான்கு மணி பஸ்ஸில் திரும்பினேன். சன்னலோர இடம். கடைசி அத்தியாயத்தை எடுத்தேன். ஒரு எழுத்துக்கூட மாறவில்லை, ஆனால் புதுக் கதை. ரோஷத்தில் சன்னலை அடைத்ததாக நான் நினைத்த பெண், இப்போது கடலைப் பார்க்கமாட்டாமல் பலகையை வைத்தாள். சண்டை போட்ட வாயோடே போய்விட்டான். பக்கத்தின் ஓரத்தில் ‘நல்லா வேணும்’ என்று நீலத்தில் என் கையெழுத்து. அடக்க முடியவில்லை, அழுதுவிட்டேன்.

குறுக்குச்சாலை நிறுத்தத்தில் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா என் கையைப் பிடித்தார். “ஏம்மா அழுதிய? யாரும் தவறிட்டாவளா?”

“ஆமாம்மா” என்றேன். “எனக்கு இன்னைக்குத்தான் தெரிஞ்சுது.”